ஆப்பிரிக்காவில் மக்கள் மீது நடக்கும் அட்டூழியங்களைக் கண்டித்துக் குரல் கொடுத்து என்ன ஆகப்போகிறது?

நீங்கள் கேட்டது இது: "சூடான், காங்கோ என்று தினமும் ஒரு செய்தி வருகிறது. யாராவது அறிக்கை விடுகிறார்கள், யாராவது கண்டிக்கிறார்கள். கொல்கிறவன் நிறுத்தின மாதிரி தெரியவில்லை. அப்புறம் எதற்கு இந்தக் குரல் கொடுக்கிற வேலை?"

நியாயமான கேள்விதான். "கட்டாயம் பயன் உண்டு" என்று ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகலாம், ஆனால் அது முழு உண்மை இல்லை. பயனே இல்லை என்பதும் அப்படித்தான். ஆப்பிரிக்கா என்பது 54 நாடுகள். மொத்தமாகச் சேர்த்துப் பேச ஆரம்பித்தால் எதுவுமே பிடிபடாது. அதனால் ஒரு நாட்டை, ஒரு சம்பவத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். யார் வாய் திறந்தார்கள், எப்போது திறந்தார்கள், அதற்கப்புறம் என்ன நடந்தது என்று பார்ப்போம். ஜிம்பாப்வே, 1983.

இதை எடுக்க ஒரு காரணம் உண்டு. வெள்ளைக்காரன் கொன்றால் கண்டிப்பது சுலபம். இங்கே கொன்றது வெள்ளைக்கார ஆட்சியைத் தோற்கடித்துவிட்டு வந்த அரசு. உலகமே கைதட்டி வரவேற்ற அரசு.

பின்னணி சுருக்கமாக. 1980 ஏப்ரல் 18 அன்று ரொடீஷியா ஜிம்பாப்வே ஆனது. விடுதலைப் போரை நடத்தியவை இரண்டு இயக்கங்கள். ராபர்ட் முகாபேயின் ஜானு, பெரும்பாலும் ஷோனா மொழி பேசும் பகுதிகளில் வலுவாக இருந்தது. ஜோஷுவா என்கோமோவின் ஜாபுவுக்கு மேற்கே மட்டபெலேலாண்டில், என்டெபெலே மொழி பேசும் மக்களிடம் செல்வாக்கு. முதல் தேர்தலில் கறுப்பின மக்களுக்கான 80 இடங்களில் முகாபேக்கு 57, என்கோமோவுக்கு 20. இருவரும் சேர்ந்தே அமைச்சரவை அமைத்தார்கள். 1982 பிப்ரவரியில் ஜாபுவுக்குச் சொந்தமான பண்ணைகளில் ஆயுதக் குவியல் கிடைத்ததாக அரசு அறிவித்தது. என்கோமோ பதவி நீக்கம் செய்யப்பட்டார், அவருடைய தளபதிகள் கைதானார்கள். அதோடு அவர் பக்கப் பழைய போராளிகள் பலர் ராணுவத்தை விட்டு ஓடி, துப்பாக்கியோடு காட்டுக்குள் போனார்கள்.

அந்தக் காட்டுக் கும்பல்களை நான் தியாகிகள் என்று சொல்லப் போவதில்லை. கொள்ளையடித்தார்கள், கொன்றார்கள். 1982 ஜூலையில் வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணிகள் ஆறு பேரைச் சாலையில் மறித்துக் கடத்திக் கொன்றார்கள். 1987 நவம்பரில் மிஷன் பண்ணைகளில் குழந்தைகள் உட்பட 16 பேரைக் கோடரியால் வெட்டினார்கள். நிறவெறி ஆட்சியில் இருந்த தென்னாப்பிரிக்கா அவர்களில் ஒரு பிரிவுக்கு ஆயுதமும் கொடுத்தது. ஆக, 'நாட்டைச் சீர்குலைக்கும் சதி' என்று அரசு சொன்னது வெறும் கட்டுக்கதை இல்லை. ஆனால் 1988-ல் பொதுமன்னிப்பு அறிவித்தபோது காட்டை விட்டு வெளியே வந்தவர்கள் மொத்தம் 122 பேர். போலீஸ் வேலை என்று சொல்லத்தக்க அந்த விஷயத்துக்கு, ஒரு மாகாணத்தின் மேலேயே ஒரு படையை ஏவினார்கள்.

ஐந்தாவது பிரிகேட். ('ஐந்தாம் படை' என்று எழுதினால் தமிழில் வேறு அர்த்தம் வந்துவிடும், அதனால் பிரிகேட் என்றே இருக்கட்டும்.) 1980 அக்டோபரில் முகாபே வட கொரியாவோடு ஓர் ஒப்பந்தம் போட்டார். அங்கிருந்து நூற்றுச் சொச்சம் பயிற்சியாளர்கள் வந்து இந்தப் படையைத் தயார் செய்தார்கள். சிவப்புத் தொப்பி, தனிச் சீருடை. ராணுவத்தின் வழக்கமான கட்டளை வரிசைக்குள் வராது, நேரே பிரதமர் முகாபேக்குத்தான் பதில். தளபதி பெரன்ஸ் ஷிரி. படைக்கு முகாபே வைத்த பெயர் 'குகுராஹுண்டி'. ஷோனாவில் அதன் பொருள், களத்தில் கிடக்கிற பதரை அடித்துக்கொண்டு போகும் பருவத்தின் முதல் மழை. விவசாயிக்குக் காதுக்கு இதமான சொல். பதர் யார் என்று தீர்மானித்தவர்கள்தான் வேறு ஆட்கள்.

1983 ஜனவரி கடைசியில் இந்தப் படை மட்டபெலேலாண்டின் வடக்குப் பகுதிக்குள் நுழைந்தது: சோலோட்ஷோ, லுபானே, என்காயி மாவட்டங்கள். சில வாரங்களிலேயே செத்தவர்கள் 2000-க்கும் மேல். ஊர் மக்களைப் பள்ளிக்கூடத்திலோ ஆழ்துளைக் கிணற்றடியிலோ கூட்டுவார்கள். தடியால் அடிப்பார்கள். ஆளும் கட்சியைப் புகழும் பாட்டை, ஷோனா மொழியில், அந்த மொழியே தெரியாதவர்களைப் பாடவைப்பார்கள். சிலரைத் தனியே நிறுத்திச் சுடுவார்கள். செத்தவர்களை ஊராரே குழி தோண்டிப் புதைத்து, அந்தப் புதுமண்ணின் மேலேயே ஆடவேண்டும். அழக்கூடாது. அழுதால் அடுத்த குழி உனக்கு. இழவு வீட்டில் வாய்விட்டு அழுவதை ஒரு கலையாகவே வைத்திருக்கிற நமக்கு, அந்தக் கட்டளை எப்பேர்ப்பட்ட கொடுமை என்று விளக்க வேண்டியதில்லை.

1983 மார்ச் 5. லுபானே மாவட்டத்தில் செவாலே ஆற்றங்கரை. இளைஞர்களும் இளம்பெண்களுமாக 62 பேரை வரிசையாக நிறுத்திச் சுட்டார்கள். 55 பேர் செத்தார்கள், 7 பேர் குண்டுக் காயத்தோடு பிழைத்தார்கள். இதை இத்தனை துல்லியமாக இன்று நான் எழுத முடிவது அந்த ஏழு பேரால். அத்தனை பேரும் செத்திருந்தால், 'கலகக்காரர்களோடு மோதல்' என்று ஒரு வரிச் செய்தியோடு முடிந்திருக்கும்.

சரி, இப்போது உங்கள் கேள்விக்கு வருவோம். யார் பேசினார்கள்?

முதலில் தெரிந்தது மிஷன் ஆஸ்பத்திரிகளுக்கு. குண்டடிபட்டவர்கள், எலும்பு முறிந்தவர்கள், புட்டத்துச் சதை கிழிந்தவர்கள் என்று ஊர் ஊராக வந்து படுத்தார்கள். டாக்டர்களும் கன்னியாஸ்திரிகளும் பாதிரியார்களும் பெயர், ஊர், தேதி, காயம் எல்லாவற்றையும் எழுதிவைத்தார்கள். அந்தத் தாள்கள் ஒரு சிறு அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்தன: கத்தோலிக்க நீதி, சமாதான ஆணையம்.

இந்த ஆணையத்தின் பழைய கதை முக்கியம். 1970-களில் இயன் ஸ்மித்தின் வெள்ளையர் ஆட்சிப் படைகள் கறுப்பின கிராமத்தாரை அடித்தது, சித்திரவதை செய்தது, முள்வேலி முகாம்களில் அடைத்தது எல்லாவற்றையும் இதே ஆணையம் திரட்டி வெளியிட்டது. அதன் தலைவராக இருந்த பிஷப் டோனல் லமொன்ட் அயர்லாந்துக்காரர். கெரில்லாக்கள் வந்துபோனதைப் போலீஸுக்குச் சொல்லவில்லை என்று 1976-ல் அவருக்குப் பத்தாண்டு கடுங்காவல் விதித்தார்கள். மேல்முறையீட்டில் குறைத்து, மறு ஆண்டு நாடு கடத்தினார்கள். அப்போது ஆணையத்தின் அறிக்கைகளை மேலை நாட்டுப் பத்திரிகைகள் எடுத்துப் போட்டன. விடுதலை இயக்கங்கள் தங்கள் பிரச்சாரத்துக்குப் பயன்படுத்திக்கொண்டன. ஸ்மித் அரசோ 'பயங்கரவாதிகளின் கைக்கூலிகள்' என்ற தோரணையில் திட்டியது.

1983-ல் அதே ஆணையம், அதே முறையில், முகாபேக்கு எதிரான கோப்புகளை எடுத்துக்கொண்டு முகாபேயிடமே போனது. மார்ச் நடுவில் ஆணையத்தின் தலைவர் மைக் ஆரெட்டும் பிஷப்புகளும் அவரை நேரில் பார்த்து ஆவணங்களைக் கொடுத்தார்கள். முதலில் ஊரைக் கூட்டவில்லை. நேரில் சொன்னால் கேட்பார் என்ற நம்பிக்கை, ஏனென்றால் ஸ்மித் காலத்தில் இவரும் ஒடுக்கப்பட்டவர்தானே. அதற்கப்புறம்தான் ஈஸ்டரை ஒட்டி பிஷப்புகள் ஒரு பொது அறிக்கை வெளியிட்டார்கள். கலகக்காரரோடு எந்தத் தொடர்பும் இல்லாத நூற்றுக்கணக்கான அப்பாவிகள் கொல்லப்பட்டும் முடமாக்கப்பட்டும் இருப்பது தங்களுக்கு உறுதியாகத் தெரியும் என்று அதில் சொன்னார்கள்.

முகாபேயின் பதில், இவர்கள் பக்தி வேஷம் போடும் பாதிரிகள் என்பது. பிற்போக்கு வெளிநாட்டுப் பத்திரிகையாளர்களையும் சந்தேகத்துக்குரிய அமைப்புகளையும் இவர்களோடு ஒரே பட்டியலில் சேர்த்தார். கலகக்காரருக்குச் சோறு போடுகிறவர்களையும் ஒழிப்போம், யார் கலகக்காரர், யார் இல்லை என்று எங்களால் பிரித்துப் பார்க்க முடியாது, அதனால் பிரிப்பதில்லை என்ற அர்த்தத்தில் மேடையிலேயே பேசினார். ஸ்மித் திட்டியதற்கும் முகாபே திட்டியதற்கும் சொற்கள்தான் வேறு.

உலகம் என்ன செய்தது? ஏறத்தாழ ஒன்றுமில்லை. பிரிட்டிஷ் ராணுவப் பயிற்சிக் குழு ஒன்று அப்போது ஜிம்பாப்வேயில்தான் இருந்தது. விஷயம் தெரியாமல் இல்லை. ஆனால் பக்கத்திலேயே நிறவெறி தென்னாப்பிரிக்கா, மேலே பனிப்போர். கறுப்பினத்தவரும் வெள்ளையரும் சமாதானமாக வாழ்கிற முன்மாதிரி நாடு என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்த கதையைக் கெடுக்க யாருக்கும் மனம் வரவில்லை. இடதுசாரிகளுக்கு அவர் விடுதலை வீரர், வலதுசாரி அரசுகளுக்கு வெள்ளையர் நிலத்தில் கைவைக்காத நல்ல பிள்ளை. 1984-ல் எடின்பரோ பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவப் பட்டம் கொடுத்தது. 1994-ல் பிரிட்டிஷ் அரசியார் கையால் 'சர்' பட்டத்துக்கு இணையான கௌரவம் கிடைத்தது. பட்டத்தை 2007-லும் கௌரவத்தை 2008-லும் திரும்பப் பெற்றார்கள். மட்டபெலேலாண்டில் கொன்றபோதும் கொன்ற பிறகும் கிடைத்தவை, வெள்ளைக்கார விவசாயிகளின் நிலத்தைப் பிடுங்கி எதிர்க்கட்சியை அடித்த பிறகு போயின. நான் இதை ஒன்றும் சேர்த்துச் சொல்லவில்லை, தேதிகளே சொல்கின்றன.

1984-ல் நடந்த ஒரு கதையை இங்கே சொல்லியே ஆகவேண்டும். லண்டன் 'அப்சர்வர்' பத்திரிகையின் ஆசிரியர் டொனால்ட் ட்ரெல்ஃபோர்ட், முகாபேயைப் பேட்டி எடுக்க ஜிம்பாப்வே போனார். போன இடத்தில் மட்டபெலேலாண்டுக்கும் போய், ராத்திரியில் ரகசியமாகச் சாட்சிகளைச் சந்தித்தார். பார்த்ததையும் கேட்டதையும் ஏப்ரல் 15 அன்று எழுதிவிட்டார். பத்திரிகையின் முதலாளி டைனி ரோலண்ட். அவருடைய லோன்ரோ நிறுவனத்துக்கு ஜிம்பாப்வேயில் சுரங்கமும் பண்ணையும் ஏராளம். தன் பத்திரிகையின் ஆசிரியரைத் தானே மறுத்து, முகாபேயிடம் வருத்தம் தெரிவித்தார். ஆசிரியரை வெளியேற்றப் பார்த்தார், பத்திரிகையையே விற்றுவிடுவேன் என்று மிரட்டினார். பல வாரம் இழுத்து, கடைசியில் ரோலண்ட் இறங்கிவந்தார். இந்தச் சண்டையில் எனக்குப் பிடிபடாத ஒன்று உண்டு. லண்டனில் அத்தனை நாளும் பேச்செல்லாம் முதலாளிக்கும் ஆசிரியருக்கும் நடந்த தகராறைப் பற்றித்தான். பத்திரிகைச் சுதந்திரம் காப்பாற்றப்பட்டது, நல்லது. சாட்சி சொன்ன ஊர்க்காரர்களைப் பற்றி எத்தனை பேர் பேசினார்கள்?

இந்தக் குரல்களால் கொலை நின்றதா? இங்கேதான் நேரான பதில் கிடையாது. 1983 ஏப்ரலுக்கு அப்புறம் வடக்கில் பகிரங்கப் படுகொலைகள் குறைந்தன. ஜூலையில் படையைச் சில வாரம் திரும்பப் பெற்றார்கள். செப்டம்பரில் ஒரு விசாரணை ஆணையம் அறிவிக்கப்பட்டது, தலைவர் வழக்கறிஞர் சிம்ப்ளிசியஸ் சிஹாம்பாக்வே. 1984 ஜனவரியில் அது புலவாயோ நகரத்தில் உட்கார்ந்து சாட்சியம் கேட்டது. பயந்து செத்துக்கொண்டிருந்த மக்கள் கிராமங்களிலிருந்து கிளம்பி வந்து, பெயர் சொல்லி, என்ன நடந்தது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். பிஷப்புகள் கொடுத்த அழுத்தம் இல்லாமல் அந்த ஆணையமே வந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

அடுத்த மாதமே, 1984 பிப்ரவரியில், அரசு மட்டபெலேலாண்டின் தெற்குப் பகுதியில் ஊரடங்கு போட்டது. தொடர்ந்து மூன்றாவது ஆண்டாக மழை பொய்த்திருந்தது. நிவாரணச் சோளத்தை நம்பித்தான் மக்கள் இருந்தார்கள். கடைகளை மூடினார்கள், நிவாரணத்தை நிறுத்தினார்கள், பஸ்ஸை நிறுத்தினார்கள். வீட்டில் இருந்த தானியத்தையும் சில இடங்களில் அழித்தார்கள். ஏறக்குறைய 4 லட்சம் பேர் பட்டினிக்குத் தள்ளப்பட்டார்கள். கொலையும் மறைவாகியது. இப்போது ஊர் நடுவில் சுடுவது குறைந்து, ஆட்களை லாரியில் ஏற்றி முகாமுக்குக் கொண்டுபோவது கூடியது. பலாக்வே என்ற முகாமில் கொட்டகைகளுக்குள் ஆயிரக்கணக்கானவர்களை அடைத்து வைத்திருந்தார்கள். செத்தவர்களை லாரியில் கொண்டுபோய் அருகிலிருந்த ஆன்டிலோப் என்ற பழைய தங்கச் சுரங்கத்துக் குழியில் தள்ளினார்கள்.

அதாவது, குரல் கொடுத்ததன் உடனடி விளைவுகளில் ஒன்று, கொல்கிறவன் சாட்சியில்லாமல் கொல்லக் கற்றுக்கொண்டது. இதைச் சொல்லாமல் 'பேசினால் மாற்றம் வரும்' என்று உங்களுக்கு நான் உபதேசம் பண்ண முடியாது. அதே சமயம், பட்டினி போட்ட ஊரடங்கை ஏப்ரலில், இரண்டு மாதத்தில் விலக்கிக்கொண்டார்கள். பிஷப்புகள் மறுபடி கண்டித்திருந்தார்கள், வெளிநாட்டு நிருபர்கள் உள்ளே நுழைய ஆரம்பித்திருந்தார்கள். இதில் எது எவ்வளவு பங்கு என்று தராசில் நிறுக்க முடியாது. இன்னும் இரண்டு மாதம் நீடித்திருந்தால் எத்தனை பேர் பசியிலேயே போயிருப்பார்கள் என்பதையும்தான்.

சிஹாம்பாக்வே விசாரணை ஆணையத்தின் அறிக்கை? 1985-ல் அரசு சொல்லிவிட்டது, வெளியிட மாட்டோம் என்று.

1987 டிசம்பர் 22 அன்று முகாபேயும் என்கோமோவும் ஒற்றுமை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். ஜாபு ஆளும் கட்சியில் கரைந்தது. கொலைகள் நின்றன. மறு ஆண்டு கலகக்காரருக்குப் பொதுமன்னிப்பு, அதைத் தொடர்ந்து பாதுகாப்புப் படையினருக்கும் அதே மன்னிப்பு. எழுதப்படாத நிபந்தனை ஒன்று: இனி இதைப் பற்றி வாய் திறக்கக்கூடாது.

அந்தப் பத்தாண்டு மௌனத்தில் கத்தோலிக்க ஆணையத்தின் அலமாரியில் அந்தத் தாள்கள் கிடந்தன. 1990-களின் நடுவில் அதை எடுத்து, ஒரு சட்ட உதவி அமைப்போடு சேர்ந்து வேலையை ஆரம்பித்தார்கள். எல்லா மாவட்டத்தையும் தொட முடியாது என்று முடிவு செய்து வடக்கில் சோலோட்ஷோ, தெற்கில் மடோபோ என்று இரண்டை மட்டும் ஆழமாகப் பார்த்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் வாக்குமூலம் வாங்கினார்கள். ஆஸ்பத்திரிப் பதிவு, வழக்கறிஞர்களின் கோப்பு, அந்தக் காலத்துச் செய்தித்தாள் எல்லாவற்றோடும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். இதில் எனக்கு மரியாதை வரவழைக்கிற இடம் அவர்கள் எண்ணைக் கையாண்ட விதம். 20,000 பேர் செத்தார்கள் என்பதுதான் எங்கும் சொல்லப்படுகிற எண். அது சரியாகவே இருக்கலாம். ஆனால் அறிக்கை எழுதியவர்கள் தங்கள் கையில் உள்ள ஆதாரத்தை வைத்து, செத்தவர்களும் காணாமல் போனவர்களும் 3000-க்குக் குறைய மாட்டார்கள், உண்மை அதைப்போல் இருமடங்கோ அதற்கு மேலோ இருக்கலாம் என்று மட்டுமே சொன்னார்கள். கோபத்தில் எண்ணைக் கூட்டவில்லை. அதனால்தான் அரசால் இன்றுவரை அந்த அறிக்கையைப் 'பொய்' என்று நிரூபிக்க முடியவில்லை.

1997 தொடக்கத்தில் அறிக்கையை, அப்போது ஜனாதிபதியாக இருந்த முகாபேக்கு அனுப்பினார்கள். பதில் வரவில்லை. வெளியிடலாமா வேண்டாமா என்று பிஷப்புகளே தயங்கினார்கள். பழைய காயத்தைக் கிளறினால் மறுபடி ரத்தம் ஓடும் என்று பயம். 1983-ல் துணிந்து பேசிய அதே திருச்சபைதான். இப்படி மாதக்கணக்கில் இழுத்துக்கொண்டிருந்தபோது அறிக்கை தென்னாப்பிரிக்காவின் 'மெயில் அண்ட் கார்டியன்' வார இதழுக்குக் கசிந்தது. அப்புறம் மறைக்க என்ன இருக்கிறது, வெளியே வந்தது. கசியவிட்டவர் யாராக இருந்தாலும் நல்ல காரியம் செய்தார் என்பது என் கட்சி.

என்கோமோ 1999-ல் இறந்தார். அதையொட்டித்தான் முகாபே முதல் தடவையாக, அது பைத்தியக்காரத்தனமான ஒரு காலம் என்று சொன்னார். மன்னிப்புக் கேட்கவில்லை. அந்த ஒரு சொல்லை வாங்கவே பதினைந்து வருஷத்துக்கு மேல் ஆனது.

இந்த விவகாரத்தில் வெளியூர்க்காரர்கள் கவனிக்காத ஒரு சங்கதி உண்டு: சான்றிதழ். 1983-ல் ஒருவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள், திரும்பவில்லை. உடல் கிடைக்கவில்லை, அதனால் இறப்புச் சான்றிதழ் இல்லை. தகப்பனின் அடையாளத்தையோ இறப்பையோ காட்ட முடியாததால் பிள்ளைகளுக்குப் பிறப்புச் சான்றிதழ் கிடைப்பது பெரும்பாடு. அது இல்லையென்றால் பரீட்சை எழுத முடியாது, அடையாள அட்டை இல்லை, பாஸ்போர்ட் இல்லை, ஓட்டும் இல்லை. அந்தப் பிள்ளை வளர்ந்து பிள்ளை பெற்றால் அதற்கும் அதே கதி. உடல் கிடைத்தாலும் இறப்புக்கான காரணம் என்ற கட்டத்தில் 'ராணுவம் சுட்டது' என்று எழுத அதிகாரிக்குத் தைரியம் கிடையாது. 1997 அறிக்கை இந்தச் சான்றிதழ் பிரச்சினையையும் சேர்த்தே எழுப்பியது. 2019-ல்தான் அரசு, சான்றிதழ் கொடுக்க ஏற்பாடு செய்வோம் என்று அறிவித்தது.

இன்னொன்று சாவுச் சடங்கு. என்டெபெலே வழக்கத்தில், ஒருவர் இறந்து ஓராண்டு போல ஆனதும் அவருடைய ஆவியை வீட்டுக்கு அழைத்துவரும் 'உம்புயிசோ' என்ற சடங்கு உண்டு. அது நடந்தால்தான் அவர் குலத்தைக் காக்கும் மூதாதை ஆவார். நடக்காவிட்டால் அலைவார், குடும்பத்துக்குத் துன்பம் வரும். ஆட்டம் ஆடவைத்து மூடிய குழியில் கிடக்கிறவருக்கு எந்தச் சடங்கைச் செய்வது? 1990-களின் கடைசியில் அமானி டிரஸ்ட் என்ற அமைப்பு, அர்ஜென்டினாவிலிருந்து வந்த தடயவியல் நிபுணர்களின் உதவியோடு சில குழிகளைத் தோண்டி எலும்புகளை அடையாளம் கண்டு, குடும்பத்தாரிடம் கொடுத்தது. அர்ஜென்டினா ராணுவ ஆட்சியில் காணாமல் போனவர்களின் எலும்பைத் தேடித் தேடிக் கற்ற வித்தை அது. குடும்பத்தார் முறையாகப் புதைத்தார்கள், சத்தமாக அழுதார்கள்.

பேசுவதன் விலை இன்னும் இறங்கவில்லை. 2010 மார்ச்சில் ஓவன் மசெகோ என்ற ஓவியர் புலவாயோ தேசிய ஓவியக் கூடத்தில் இந்தக் கொலைகளைப் பற்றி ஒரு கண்காட்சி வைத்தார். திறந்த மறுநாளே கைது. ஓவியங்களை எடுக்கவும் விடாமல் அறையைப் பூட்டி, வெளியிலிருந்து யாரும் எட்டிப் பார்க்காதபடி கண்ணாடி ஜன்னல்களில் செய்தித்தாளை ஒட்டினார்கள். வருடக்கணக்கில் அப்படியே கிடந்தது. அந்தக் காகிதம் ஒட்டிய ஜன்னல்தான் இந்தக் கதைக்குச் சரியான படம் என்று எனக்குத் தோன்றும். பலாக்வேயில் உள்ளூர் இளைஞர் அமைப்பு ஒன்று நினைவுப் பலகை வைத்தது. உடைத்தார்கள். மறுபடி வைத்தார்கள், மறுபடி உடைத்தார்கள்.

நீங்கள் சூடானைச் சொன்னீர்கள், அதையும் ஒட்டிச் சொல்லிவிடுகிறேன். டார்ஃபூரில் 2003-04-ல் ஊர்களை எரித்த, அரசு ஆதரவு பெற்ற ஜன்ஜவீத் என்ற ஆயுதக் கும்பலின் தலைவர்களில் ஒருவர் அலி குஷய்ப். அகதி முகாம்களில் அப்போது எடுக்கப்பட்ட வாக்குமூலங்களும் சாட்சிகளும் இல்லாமல் அவர் மேல் வழக்கே நின்றிருக்காது. 2020-ல் சரணடைந்தார். 2025 அக்டோபரில் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்று தீர்ப்பளித்தது. குற்றம் நடந்து இருபது ஆண்டுக்கும் மேல் ஆகியிருந்தது. இடையில் தண்டனை பெறாத அதே ஜன்ஜவீத் கூட்டம் ஆர்எஸ்எஃப் (விரைவு ஆதரவுப் படை) என்று பெயர் மாற்றிக்கொண்டு, 2023-லிருந்து அதே டார்ஃபூரில் அதே வேலையைப் பார்க்கிறது. இரண்டும் ஒரே கதையின் இரண்டு பக்கம். ஒன்றை மட்டும் காட்டி ஆறுதல் சொல்வதும் இன்னொன்றை மட்டும் காட்டிக் கையை விரிப்பதும் சரியில்லை.

ஆக, பேசுவதென்றால் எப்படிப் பேசுவது? இதைப் படித்துப் படித்து எனக்குப் படிந்துபோன சில பழக்கங்கள் உண்டு, சொல்கிறேன். 'ஆப்பிரிக்காவில் கொடுமை' என்று எழுத மாட்டேன். லுபானே, சோலோட்ஷோ என்று ஊர்ப் பெயரைச் சொல்வேன், ஏனென்றால் பொதுவாகச் சொன்னால் 'அங்கெல்லாம் அப்படித்தான்' என்று தோளைக் குலுக்கிவிட்டுப் போவார்கள். எண்ணைப் பெரிதாக்க மாட்டேன். ஒரு சைபர் கூடினால் பத்து சாட்சிகளின் வார்த்தை பொய்யாகிவிடும். சாட்சியின் பெயரையும் முகத்தையும் பகிரும் முன், அவர் இன்னும் அதே ஊரில் இருக்கிறாரா என்று யோசிப்பேன். நமக்கு அது ஒரு பதிவு, அவருக்கு அது ராத்திரி கதவு தட்டுகிற சத்தம். அப்புறம், எனக்குப் பிடித்த தலைவர் செய்தால் மட்டும் 'சூழ்நிலையைப் புரிந்துகொள்ள வேண்டும்' என்று ஆரம்பிக்கிறேனா என்று என்னையே ஒரு தடவை கேட்டுக்கொள்வேன். மைக் ஆரெட்டும் அந்த பிஷப்புகளும் 1983-ல் அப்படி ஆரம்பிக்கவில்லை. முகாபேயின் வெற்றியை மனதார வரவேற்றவர்களும் அவர்களில் இருந்தார்கள். அது சாதாரண விஷயமில்லை.

முகாபே 2017 நவம்பரில் தூக்கியெறியப்பட்டு, 2019-ல் இறந்தார். பெரன்ஸ் ஷிரி விமானப்படைத் தளபதியாகி, வேளாண் அமைச்சராகி, 2020-ல் இறந்தார். தேசிய வீரர்களுக்கான மயானத்தில் புதைத்தார்கள். இன்றைய ஜனாதிபதி எம்மர்சன் மனங்காக்வா 1983-ல் உளவுத்துறையைக் கவனித்த அரசுப் பாதுகாப்பு அமைச்சராக இருந்தவர். கலகக்காரரைக் கரப்பான்பூச்சி என்றும் ஐந்தாவது பிரிகேடை அதற்கு அடிக்கும் டிடிடி மருந்து என்றும் அவர் பேசியதாக அந்தக் கால உள்ளூர்ப் பத்திரிகைச் செய்தி இருக்கிறது. கொலைகளில் தனக்குப் பங்கில்லை என்பது அவர் வாதம். 2024 ஜூலையில் அவரே ஒரு திட்டத்தைத் தொடங்கிவைத்தார்: ஊர்த் தலைவர்கள் தங்கள் பகுதி மக்களை அழைத்து 1983-ல் நடந்ததைக் கேட்டு எழுதிக்கொள்வார்கள். விசாரணை மூடிய கதவுக்குள், பத்திரிகையாளர்களுக்கு இடமில்லை. எழுபது, எண்பது வயதுக்காரர்கள் மறுபடியும் வந்து அதே கதையை ஒரு தடவை சொல்ல வேண்டும். 1984 ஜனவரியில் புலவாயோவில் சிஹாம்பாக்வே ஆணையத்தின் முன் அவர்களும் அவர்களுடைய பெற்றோரும் சொன்னது எங்கே என்பதற்கு மட்டும் யாரும் இன்னும் பதில் சொல்லவில்லை.